‘உருவாக்கிட்டாங்க’ என்ற செய்தி

ஆய்வகத்தில் ரத்த ஸ்டெம்செல் தயார் என்று செய்தி வந்தாலே எனக்கு ஃபோன் வரும். "இனிமே எலும்பு மஜ்ஜை கொடுக்க ஆள் தேட வேணாமா?" கேட்பவர் தலசீமியா உள்ள ஒரு பிள்ளையின் அப்பா. அதனால் தலைப்பை நம்பாமல் ஆய்வுக் கட்டுரையைப் படிச்சிட்டுத்தான் பதில் சொல்வேன்.

2017-ல் போஸ்டனில் ஜார்ஜ் டேலி குழு, மனித ஸ்டெம்செல்களை முதலில் ரத்தநாள உட்சுவர் செல்களாக்கி, அவற்றில் 7 மரபணுக்களை வைரஸ் மூலம் புகுத்தியது. எலிக்குள் பலவகை ரத்த செல்கள் உருவாயின. பெரிய சாதனைதான். ஆனா அப்படிப் புகுத்திய மரபணு புற்றுநோய்க்கு வழிவிடலாம். அதை ஒரு குழந்தைக்கு எப்படி ஏத்துறது?

2024-ல் மெல்போர்னின் மர்டோக் குழந்தைகள் ஆய்வு நிறுவனக் குழு மரபணு எதையும் புகுத்தவில்லை. கருவில் நடப்பதுபோல வளர்ச்சிக் காரணிகளையும் வைட்டமின் ஏ வகைப் பொருளையும் நேரம் பார்த்துக் கொடுத்தது. எனக்கு இதுதான் சரியான பாதையாப் படுது. ஆனால் செல்கள் வேர்பிடித்துப் பலவகை ரத்தம் தந்தது, 25 முதல் 50 சதவீத எலிகளில்தான்.

எலியின் ஆயுள் ரெண்டு வருஷம் சொச்சம். பிள்ளைக்கோ அறுபது, எழுபது வருஷம் ரத்தம் ஊறணும். ‘உருவாக்கிட்டாங்க’ என்று எழுதும்போது இந்த வித்தியாசம் காணாமல் போகிறது.

அவரிடம் சொன்னேன்: "நம்பிக்கையா இருங்கண்ணே. ஆனா கொடையாளர் தேடுறதை மட்டும் நிறுத்திடாதீங்க."