திருத்துகிற காது

1964-இல் வந்த பீட்டில்ஸ் குழுவின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாட்டு ஒற்றை மீட்டலில் தொடங்கும். விழுந்து சில விநாடிகளில் அடங்கிவிடும் அந்தக் கார்ட் எதுவென்று, பொழுதுபோக்காகக் கிதார் வாசிப்பவர்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். ஜி செவன் சஸ் ஃபோர் என்பது ஒரு கட்சி, டி மைனர் லெவன் என்பது இன்னொரு கட்சி. 2001-இல் ஓர் இணைய உரையாடலில் ஜார்ஜ் ஹாரிசனையே பிடித்துக் கேட்டுவிட்டார்கள். பன்னிரண்டு கம்பிக் கிதாரில் எஃப் கார்டைப் பிடித்து மேலே ஒரு ஜி சேர்த்ததாகச் சொன்ன அவர், பேஸ் ஸ்வரத்துக்குப் பால் மெக்கார்ட்னியைத்தான் கேட்க வேண்டும் என்று நழுவிக்கொண்டார். கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுன் அந்த ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பார்த்து, உள்ளே ஒரு பியானோவும் இருக்கிறது என்றார்.

ஆக, தனியொருவர் கைக்குள் அடங்கும் கார்டே அல்ல அது. பல கருவிகள் ஒரே கணத்தில் விழுந்த ஓசை. அத்தனை வருடமும் அதை ஆறு கம்பிக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள். யாரும் காசு தராத ஒரு வேலையில் இவ்வளவு பிடிவாதமா என்று வியக்கவும் தோன்றுகிறது. எதைக் கேட்டாலும் கிதாராகவே கேட்கிறார்களே என்று சிரிக்கவும் தோன்றுகிறது.

இசையைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் வாசிப்பையும் கருவிச் சேதிகளையும் சொந்தப் பாட்டுகளையும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வதைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர்களுடைய தாராள மனத்தைப் புகழ்வது வழக்கம். அந்தத் தாராளம் உண்மை. ஆனால் ஒரு வழக்கத்தை எடைபோட அது போதாது. தவறாக ஒன்று வந்து விழுந்தால் அதைப் பிடிப்பவர் யார், எதை ஆதாரமாக வைத்துப் பிடிக்கிறார், பிடித்த பிறகாவது தவறு விலகுகிறதா என்றுதான் நான் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் ஒரே கூட்டத்தார் ஓரிடத்தில் அறிஞர்களாகவும் இன்னோரிடத்தில் ஏமாளிகளாகவும் தெரிகிறார்கள்.

முதலில் டேப். டேப்லேச்சர் என்பதன் சுருக்கம். ஆறு கோடுகள் ஆறு கம்பிகள். கோட்டின் மேலுள்ள எண், விரல் வைக்க வேண்டிய ஃப்ரெட். ஸ்டாஃப் நொடேஷன் படிக்கத் தெரியாதவரும் ஒரே அமர்வில் பழகிவிடலாம். சோம்பேறிகளின் குறுக்குவழி என்று இதைப் பார்த்து முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் உண்டு. அந்தச் சுளிப்பில் நியாயம் குறைவு. மெல்லிய முதல் கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வரும் ஈ ஸ்வரம், இரண்டாம் கம்பியின் 5-ஆம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது, மூன்றாவதின் 9-இலும் நான்காவதின் 14-இலும் இருக்கிறது. சுருதி ஒன்றே, நாதம் ஒவ்வொன்றிலும் வேறு. ஸ்டாஃப் நொடேஷன் எந்த ஸ்வரம் என்று சொல்லும். கை எங்கே இருந்தது என்பதை டேப் சொல்லும். கிதாரைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வி சிறியதல்ல.

பழமையிலும் டேப் இளைத்ததல்ல. வெனிஸில் பெத்ருச்சி 1507-இல் அச்சிட்ட ஸ்பினாச்சினோவின் லூட் நூல்கள் டேப்லேச்சரில் அமைந்தவை. அந்த ஏடுகளில் கோடுகளுக்கு மேலே காலப்பிரமாணத்துக்கான குறிகள் தனியே இருந்தன. 1990-களில் கணினி விசைப்பலகையில் கோடும் எண்ணும் தட்டி அனுப்பத் தொடங்கியவர்கள் கைவிட்டது அவற்றைத்தான். எந்த எண்ணுக்குப் பிறகு எந்த எண் என்று தெரியும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியாது. பாட்டைக் காதில் வைத்திருப்பவருக்கு இது குறையே இல்லை. சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினியை 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கெல்லாம் தனித்தனிக் குறி வகுத்தார். அப்படியும், அந்தப் பாடாந்தரத்தைக் கேட்டறியாதவர் அதை வைத்துக்கொண்டு கீர்த்தனையைப் பாடிவிட முடியாது. எழுத்து என்பது கேட்டவருக்கான ஞாபகக் குறிப்பு. அதையே கேட்பதற்குப் பதிலாக வைத்துக்கொண்டபோதுதான் டேப் கெட்டது.

டேப்புக்கு எதிராக நீதிமன்றப் பேச்சு வந்தது முற்றிலும் வேறு காரணத்துக்காக. 1992-இல் லாஸ் வேகாசிலுள்ள நெவாடா பல்கலைக்கழகக் கணினியில் தொடங்கிய ஓல்கா என்ற டேப் சேகரம், 1996-இல் ஈஎம்ஐ பதிப்பகத்தின் ஆட்சேபத்தால் அங்கிருந்து வெளியேறியது. 1998-இல் ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சியின் எச்சரிக்கை வந்தது. 2006-இல் இசைப் பதிப்பாளர் சங்கங்களின் கடிதம் வந்து அது மூடப்பட்டது. பதிப்புரிமையைக் காக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் விற்ற பாட்டுப் புத்தகங்களில் பல, பியானோவுக்காக எழுதப்பட்டு, மேலே கிதார் கார்ட் படங்கள் ஒட்டவைக்கப்பட்டவை. இசைத்தட்டில் கேட்டது அதில் இருக்காது. முகம் தெரியாத மாணவன் ஒருவன் கேசட்டைப் பின்னோக்கிச் சுற்றிச் சுற்றி எழுதியதில் பாதியாவது இருக்கும். சந்தையும் இதைப் பின்னர் ஒப்புக்கொண்டது: ரஷ்யாவின் கலினின்கிராடில் 1998-இல் தொடங்கிய அல்டிமேட் கிதார் என்ற டேப் தளம், 2010-இல் அதே ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சியிடம் உரிமம் பெற்றது. ஒரு காலத்தில் திருட்டு என்று சொல்லப்பட்ட எழுத்து விலைக்குரிய சரக்காயிற்று. எழுதியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கக் கூடாது.

இந்தக் கூட்டுழைப்பு எட்டிய உயரத்துக்கு நிக் டிரேக்கைச் சொல்வேன். இங்கிலாந்தின் அந்தப் பாடகர் மூன்று ஆல்பங்கள் வெளியிட்டார்; அவை அன்று விற்கவில்லை; 1974-இல், 26 வயதில் இறந்துபோனார். கிதாரின் வழக்கமான சுருதி அமைப்பில் அவர் நிற்பதில்லை. பாட்டுக்கேற்ப முறுக்காணிகளைத் திருப்பி, சி-ஜி-சி-எஃப்-சி-ஈ போன்ற அமைப்புகளில் வாசித்தார். வளர்ந்த வயதில் அவர் வாசிக்கும் சலனப்படம் ஒன்றுகூட இல்லை. ஆகவே கையைப் பார்த்து எழுத வழியில்லை. இருப்பது ஒலிப்பதிவு மட்டும். ஒருவர் ஓர் அமைப்பை முன்வைப்பார். அப்படியானால் இந்த இடத்தில் திறந்த கம்பி ஒலிக்க முடியாதே என்று இன்னொருவர் மறுப்பார். நான்கு விரல்களால் எட்டவே முடியாத பிடியா, அப்படியானால் அமைப்பே தவறு என்று மூன்றாமவர் நிறுத்துவார். பல்கலைக்கழகம் எதுவும் பட்டம் தரவில்லை என்பதைத் தவிர, பாடபேத ஆராய்ச்சிக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. சுவடி திருத்தியவர்களும் இப்படித்தான் சண்டை போட்டார்கள். பாடகி ஜோனி மிட்செலின் கதையும் இதற்கு அக்கம்பக்கம். சிறுவயதில் போலியோவால் இடது கை வலுவிழந்த அவர், ஐம்பதுக்கும் மேற்பட்ட சுருதி அமைப்புகளில் பாட்டு கட்டினார். ரசிகர்கள் எழுதிய டேப்புகளை அவருடைய அதிகாரபூர்வத் தளமே தொகுத்து வைத்திருக்கிறது.

இங்கெல்லாம் திருத்தம் வேலை செய்யக் காரணம், நடுவே ஒலிப்பதிவு இருக்கிறது. யார் பெரியவர் என்பது எடுபடாது. போட்டுக் கேள் என்றால் முடிந்தது.

போட்டுக் கேட்பவர்கள் குறைந்தால்? 'இளைய நிலா பொழிகிறது' பாட்டை எடுத்துக்கொள்வோம். 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் வந்தது முதல் தமிழ்நாட்டில் கிதார் தொட்ட எவரும் அதன் முன்னிசையை முயலாமல் விட்டதில்லை. (அதே மெட்டு மறுவருடம் 'நீலே நீலே அம்பர் பர்' என்று இந்திக்குப் போனதால் வடக்கத்திப் பையன்களும் அதைத் தங்கள் பாட்டென்று வாசிக்கிறார்கள், சொல்லிப் பயனில்லை.) இந்தப் பாட்டுக்குக் கைமாறித் திரியும் தாள்களில் பெரும்பாலானவை, கேப்போ மாட்டிக்கொண்டு நாலைந்து எளிய கார்டுகளைத் தட்டச் சொல்பவை. பாடுவதற்குத் துணையாக அது போதும். ஆனால் இளையராஜாவின் பாட்டில் பேஸ் கிதார் கார்டின் அடிஸ்வரத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. தனக்கென ஒரு மெட்டோடு நடக்கும். விரலால் பிரித்து மீட்டும் கிதார் அதற்குக் குறுக்கே ஓடும். எழுதிவைத்த இந்தப் பின்னலை எல்லாம் தட்டையாக்கி ஏ மைனர், டி மைனர் என்று ஒரு வரியில் எழுதிவிட்டால், பாட்டின் நிழல்தான் கைக்கு வருகிறது. வினோதம் என்னவென்றால், ஒரே பாட்டுக்கு ஐந்தாறு வடிவங்கள் இருக்கும்போது அதிக மதிப்பெண் பெறுவது பெரும்பாலும் எளியதுதான். கடினமான சரியைவிட எளிதான தவறு நிறையப் பேருடைய கையில் ஒலிக்கிறது. கையில் ஒலிப்பதைத்தான் மனிதர்கள் மெச்சுகிறார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதுகிறார். அவர் விட்ட பேஸ் ஓட்டம் அடுத்தவருக்கு இல்லாத ஒன்றாகிவிடுகிறது. கமகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். கம்பியை இழுத்தும் விரலை வழுக்கியும் கிதாரில் கர்நாடக இசை வாசிக்கலாம் என்று பிரசன்னா போன்றவர்கள் காட்டிவிட்டார்கள். டேப்பிலோ இழுப்புக்கு ஒரு எழுத்து, வழுக்கலுக்கு ஒரு சாய்கோடு, அவ்வளவுதான்.

பாட்டுக்காவது ஒலிப்பதிவு என்ற சாட்சி உண்டு. கருவிகள் பக்கம் வந்தால் சாட்சியே சந்தேகத்துக்குரியது.

மாசசூசெட்ஸில் பில் ஃபின்னகன் என்பவர் 1994 முதல் க்ளான் சென்டார் என்ற, கிதார் ஒலியை உடைத்துத் தரும் ஓவர்டிரைவ் பெடலைச் செய்து விற்றார். நிறுத்தும் வரை செய்தது ஏறக்குறைய 8,000. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கக் கூடாதென்று சர்க்யூட் மேல் எபாக்ஸி பிசினை ஊற்றி மூடினார். மூடிய பெட்டியைச் சுற்றிக் கதை வளராமல் இருக்குமா? கிடைத்தற்கரிய ஜெர்மேனியம் டயோடுகள்தாம் அந்த நாதத்தின் ரகசியம் என்றார்கள். பழைய பெடல்கள் பல ஆயிரம் டாலருக்குக் கைமாறின. கடைசியில், பொழுதுபோக்காக பெடல் கட்டுபவர்கள் சிலர் பிசினைச் சுரண்டி எடுத்து, சர்க்யூட்டை வரைந்து ஊருக்கே கொடுத்துவிட்டார்கள். இந்தச் சமூகம் செய்த காரியங்களில் மிகத் துணிச்சலானது இது. மந்திரம் இல்லை, நல்ல பொறியியல் இருந்தது: 9 வோல்ட் மின்சாரத்தை உள்ளேயே உயர்த்திக்கொள்ளும் ஏற்பாடு, தெளிந்த ஒலியையும் உடைந்த ஒலியையும் ஒரே குமிழால் கலக்கும் அமைப்பு. நகல்கள் மலிவு விலையில் வந்தன. இவ்வளவுக்கும் பிறகு பழைய சென்டாரின் விலை இறங்கவில்லை, ஏறியது. ஃபின்னகனே வெறுத்துப்போய், இந்த ஆரவாரத்துக்குத் தான் பொறுப்பல்ல என்ற பொருளில் தன் அடுத்த பெடலின் முகப்பில் ஒரு வாசகத்தை அச்சிட்டார். அதையும் ஆரவாரத்தின் அங்கமாக்கிக்கொண்டார்கள்.

திருத்தம் இங்கே கிடைத்தது, ஆனால் விலைபோகவில்லை. பெடல் வைத்திருப்பவருக்குத் திருத்தம் நட்டம். வாங்க ஆசைப்படுபவருக்கு அது ஏமாற்றம். மேலும் ஒப்பிடும் முறையே ஓட்டை. காது அதிக சத்தத்தையே நல்ல நாதம் என்று எடுத்துக்கொள்ளும். இவ்வகைப் பெடலை மிதித்தால் சத்தம் கூடுகிறது. அளவைச் சமன் செய்யாமல் 'முன்', 'பின்' என்று பதிவுசெய்து அனுப்பும் ஒப்பீட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. கைபேசி மைக்கில் பிடித்து, சுருக்கி அனுப்பி, காதுக்குழாயில் கேட்டு 'கதகதப்பான டோன்' என்று பாராட்டும் மனிதர்களைக் கண்டால் எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருக்கிறது. ஸ்டீலி டான் குழுவின் வால்டர் பெக்கர் 1990-களிலேயே, மேலும் மேலும் கிதார் வாங்கும் இந்த வேட்கையை ஒரு நோயாக வருணித்துக் கிண்டலாக எழுதினார். இன்று அந்த நோயின் பெயரைப் பெருமையோடு சூடிக்கொள்கிறார்கள்.

இத்தனைக்கும் அதே மனிதர்கள் செலவில்லாத யோசனை சொல்லும்போது பிசகுவதில்லை. மலிவுக் கிதாரில் கம்பிகள் ஃப்ரெட்டிலிருந்து எழும்பி நிற்கும். எஃப் கார்ட் பிடித்தால் விரல் நோகுமே தவிர ஒலி வராது. புதுக் கிதார் வாங்காதே, பாலத்தின் மேலுள்ள சேடிலை அடியில் கொஞ்சம் தேய், கழுத்து வளைந்திருந்தால் டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பு, துருப்பிடித்த கம்பியை மாற்று என்பார்கள். செய்த மாலையே எஃப் ஒலிக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒலிக்காவிட்டால் சொன்னவரைத் திரும்பப் போய்க் கேட்கலாம். ஆசானோ பழுதுபார்ப்பவரோ இல்லாத ஊரில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த யோசனையின் மதிப்பு, சென்டார் பற்றிய ஆயிரம் பக்கங்களை விட அதிகம்.

சொந்தப் பாட்டு எழுதுவோரிடம் நிலைமை இன்னும் சிக்கல். பர் செட்டில்ஸ் என்பவர் 2004-இல் தொடங்கிய ஃபாம் என்ற முயற்சியில், பிப்ரவரியின் 28 நாளில் 14 பாட்டு எழுத வேண்டும். லீப் வருடத்தில் பதினான்கரை. எழுதாமலே வருடத்தைக் கடத்திவிடுகிறவனை உட்காரவைக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஒன்பதாவது பாட்டுக்குள் கைவசமிருந்த பழக்க கார்டுகள் தீர்ந்துபோய், வேறெங்காவது போயே ஆக வேண்டியிருக்கும். ஆனால் முந்தாநாள் பிறந்த பாட்டைக் குத்திப் பேச யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. விளைவு, எல்லாப் பாட்டும் அருமை. ஒப்பிட ஒலிப்பதிவும் இல்லை, தேய்த்துப் பார்க்க சேடிலும் இல்லை. நீ என்னுடையதைக் கேட்டாய், நான் உன்னுடையதைக் கேட்கிறேன் என்ற மொய்க்கணக்கில் கருத்துகள் போகின்றன. இரண்டாம் சரணம் முதல் சரணத்தையே திரும்பச் சொல்கிறது, கோரஸ் மேலே ஏறாமல் அதே உயரத்தில் நிற்கிறது என்று சொல்பவர் முரடராகிவிடுகிறார். முரடர்கள் கொஞ்ச நாளில் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.

கருத்துக் கேட்பவர் கேட்கும் விதத்தால் கொஞ்சம் வித்தியாசம் உண்டாகிறது. 'எப்படி இருக்கிறது?' என்று பாட்டை வைப்பவருக்குப் புகழ் கிடைக்கும். 'இரண்டாம் கோரஸுக்குப் பிறகு வரும் எட்டு பார்களை எடுத்துவிடலாமா?' என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை 'அருமை' என்று மட்டும் எழுதிவந்தவர்கூட இன்னொரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, எட்டும் வேண்டாம், ஆனால் அந்த பேஸ் இறக்கத்தை மட்டும் வைத்துக்கொள் என்கிறார்.