கான்செலோவுக்குப் பின்னால் இருக்கும் இடம்

2023 பிப்ரவரி 27 அன்று பாரிஸில் நடந்த ஃபிஃபா விழாவில் 2022-க்கான உலகின் சிறந்த பதினொருவர் அணியை அறிவித்தார்கள். பின்களத்துக்கு மூன்றே பேர்: ஹகிமி, வான் டைக், ஜோவா கான்செலோ. தேர்ந்தெடுத்தவர்கள் உலகெங்கும் உள்ள சக ஆட்டக்காரர்கள். ஆகவே பத்திரிகைக்காரர்கள் செய்த கைங்கரியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு நான்கு வாரங்களுக்கு முன்னால்தான், ஜனவரி கடைசி நாளில், மான்செஸ்டர் சிட்டி கான்செலோவை பேயர்ன் மியூனிக்குக்கு லோனில் அனுப்பிவைத்திருந்தது. உலகின் தலைசிறந்த மூன்று பின்கள வீரர்களில் ஒருவரை, லீக் பட்டத்துக்கான போட்டி சூடுபிடித்திருக்கும் மாதத்தில், எந்த அணியாவது கைகழுவுமா?

இதற்கு அவருடைய ரசிகர்கள் அன்றைக்குச் சொன்ன பதிலைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சிட்டி பயிற்சியாளர் குவார்டியோலாவின் பிடிவாதம், உடைமாற்றும் அறைச் சண்டை, எதிர்த்துப் பேசும் ஆட்டக்காரரைப் பொறுக்காத பயிற்சியாளர். வலது, இடது, நடுகளம் எங்கே நிறுத்தினாலும் ஆடக்கூடிய ஒருவரை வீணடித்துவிட்டார்கள் என்பது புலம்பலின் சாரம். கான்செலோவும் சிட்டி தன்னிடம் நன்றியில்லாமல் நடந்துகொண்டதாகப் பின்னால் குறைபட்டார். இந்த வாதம் எனக்கு ஒருபோதும் ஒப்புதலானதில்லை.

அவர் கால் திறமையில் யாருக்கும் ஐயம் கிடையாது. 2020-21 பருவத்தில் வலதுபுறம் ஆடி இங்கிலாந்து ஆட்டக்காரர் சங்கத்தின் ஆண்டுச் சிறப்பணியில் இடம்பிடித்தார். அடுத்த பருவத்தில் இடதுபுறம் ஆடி மறுபடியும் பிடித்தார். இரண்டு ஆண்டும் லீக் பட்டம் சிட்டிக்கே. 2021 நவம்பரில் ஓல்ட் டிராஃபர்டில் இடப்பக்கம் நின்றபடி வலது காலால் அவர் அனுப்பிய ஒரு கிராஸ் மான்செஸ்டர் யுனைடெட்டின் பாய்யியின் காலில் பட்டு சொந்த கோலானது. இடைவேளைக்குச் சற்று முன் இன்னொன்றைத் தொலைவுக் கம்பத்துக்குத் தூக்கிப் போட்டார், பெர்னார்டோ சில்வா முடித்தார். இரண்டு வாரம் கழித்து எவர்ட்டனுக்கு எதிராக, போர்த்துக்கீசியர்கள் த்ரிவேலா என்று கொண்டாடும் புறக்கால் உதையால் பந்தை வளைத்து ஸ்டெர்லிங்கின் காலடியில் இறக்கினார். அப்படி ஒரு பாஸைப் போட அன்றைக்கு நடுகளக்காரர்களிலேயே சிலரால்தான் முடியும். சரி, ஒப்புக்கொண்டாயிற்று.

என் மறுப்பு வேறு இடத்தில். அவர் எங்கே நின்றாலும் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடுகிறார். வலதில் நிறுத்தினால் உள்ளே வந்து பந்து கேட்பார். இடதில் நிறுத்தினாலும் உள்ளே வந்து பந்து கேட்பார். இடம் மாறுகிறது, வேலை மாறுவதில்லை. ஒரு பின்கள வீரரைப் பன்முகத்திறன் கொண்டவர் என்று புகழும்போது, புது இடத்துக்கு ஏற்ப அவர் தன்னை மாற்றிக்கொள்கிறார் என்றுதான் எண்ணுகிறோம். இவர் விஷயத்தில் மாறியதெல்லாம் மற்ற பத்துப் பேர்.

சிட்டியில் அது எப்படி நடந்தது என்று பாருங்கள். பந்து தங்கள் வசம் இருக்கும்போது கான்செலோ கோட்டோரத்தை விட்டு நடுகள வீரர் ரோட்ரிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். பின்னால் எஞ்சும் மூவர் சற்று நகர்ந்து அகலத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். பந்து பறிபோனால் அவர் விட்டுவந்த கோட்டோரம் வெட்டவெளி. அந்த வெளிக்கு ஓட ஒருவர் வேண்டும். பெரும்பாலும் நடுப் பின்கள வீரர்தான் ஓடினார். மறுபக்கத்தில் கைல் வாக்கரின் கால் வேகம் இருந்தது, ஆகவே மொத்தப் பின்களமும் துணிந்து ஒரு பக்கம் சாய முடிந்தது. வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஒருவர் விருந்துக்குப் போக, பக்கத்து வீட்டுக்காரர்கள் முறைவைத்துக் காவல் காத்த கதை. விருந்தில் அவர் பிரமாதமாகப் பாடினார், அது உண்மை. காவல் காத்தவர்களுக்கு யாரும் ஃபிஃபா மேடையில் இடம் தரவில்லை.

இந்தக் குறை சிட்டியில் முளைத்ததல்ல. 2019 ஏப்ரல் 10, ஆம்ஸ்டர்டாம், சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. யுவென்டஸுக்காக வலது பின்களத்தில் கான்செலோ. முதல் பாதி முடியும் தறுவாயில் அவர் வலப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்தை ரொனால்டோ தலையால் முட்டி கோலாக்கினார். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் பக்கம் வந்த ஒரு சாதாரணப் பந்தை அடக்கத் தவறினார். அயாக்ஸின் டேவிட் நேரெஸ் அதை எடுத்துக்கொண்டு உள்ளே வெட்டி, தொலைவு மூலையில் வளைத்துப் போட்டார். 1-1. கொடுத்ததும் எடுத்ததும் ஒரே கால். நடுவே ஓர் இடைவேளை மட்டும். டூரினில் நடந்த மறு ஆட்டத்தில் பயிற்சியாளர் அலெக்ரி டி ஷில்யோவை வைத்துத் தொடங்கினார், கான்செலோ பெஞ்சில் இருந்தார். அன்று யுவென்டஸ் தோற்றது. வெளியில் உட்காரவைத்ததால்தான் தோற்றார்கள் என்று அப்போதே வாதிட்டவர்கள் உண்டு. அந்தக் கோடையிலேயே யுவென்டஸ் அவரை விற்றது.

இரண்டாவது காட்சி ஆன்ஃபீல்ட், 2022 அக்டோபர் 16. ஆட்டம் கோலின்றி 76-ஆவது நிமிடத்தை எட்டியிருந்தது. சிட்டி அடித்த ஃப்ரீ கிக்கைக் கையில் பிடித்த லிவர்பூல் கோல்கீப்பர் அலிஸன், அதே மூச்சில் பந்தை நடுக்கோட்டுக்கு உதைத்தார். அங்கே சலா. அவருக்குப் பின்னால் கடைசி ஆளாகக் கான்செலோ. அந்த நேரத்தில் பின்கள வீரர் செய்யவேண்டியது பள்ளி அணியில் ஆடும் பையனுக்கும் தெரியும்: எட்டி நில், பின்வாங்கு, மற்றவர்கள் திரும்பிவர நேரம் வாங்கு. கான்செலோ முந்திப் பாய்ந்து பந்தைத் தட்டிவிடப் பார்த்தார், எட்டவில்லை. சலா சுழன்று திரும்பியபோது அவருக்கு முன்னால் சிட்டி கோல்கீப்பர் எடர்சனைத் தவிர எவரும் இல்லை. 1-0. அதைத் தனிப்பட்ட ஒரு பிழை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் பந்தைப் பறித்து உடனே தாக்குதலைத் தொடங்கிவிட வேண்டும் என்ற அதே அவசரம்தான் எவர்ட்டன் ஆட்டத்தில் த்ரிவேலாவாக வெளிப்பட்டது. மூன்று வாரத்தில் ஃபுல்லம் ஆட்டம்: பெனால்டி எல்லைக்குள் ஹாரி வில்சனைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு, அரை மணி ஆவதற்குள் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு மீதி ஆட்டத்தை ஆடிய சிட்டியை முன்கள வீரர் ஹாலண்டின் கடைசி நேர பெனால்டி காப்பாற்றியது.

பயிற்சியாளர்கள் இதையெல்லாம் அறியாதவர்களா? பெரிய ஆட்டங்களின் முதல் பதினொருவர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 2021 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பாரிஸில் மஞ்சள் அட்டை வாங்கிய கான்செலோவை ஒரு மணி நேரத்தில் வெளியே எடுத்தார் குவார்டியோலா. மறு ஆட்டத்தில் அவர் இடத்தில் ஜின்சென்கோ. போர்ட்டோவில் செல்சியாவுக்கு எதிரான இறுதியிலும் ஜின்சென்கோதான். சொந்த நாட்டு மண்ணில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தைக் கான்செலோ முழுக்க வெளியில் உட்கார்ந்து பார்த்தார். கத்தார் உலகக் கோப்பையில் போர்ச்சுகலின் குழு ஆட்டங்களைத் தொடங்கியவர், சுவிட்சர்லாந்துக்கு எதிரான வெளியேற்றுச் சுற்றில் முதல் பதினொருவரில் இல்லை. டலோட் வலதில், குரேய்ரோ இடதில், ஆட்டம் 6-1. அன்று ரொனால்டோவைப் பெஞ்சில் வைத்ததைப் பற்றியே உலகம் பேசியதால் இது அடிபட்டுப்போனது. பேயர்னுக்குப் போன இரண்டாவது வாரத்தில், பாரிஸ் ஆட்டத்தின் இடைவேளையோடு பயிற்சியாளர் நாகெல்ஸ்மான் அவரை எடுத்துவிட்டு டேவிஸை இறக்கினார். குவார்டியோலா, போர்ச்சுகல் பயிற்சியாளர் ஃபெர்னாண்டோ சாண்டோஸ், நாகெல்ஸ்மான் மூவருக்கும் ஆட்டத்தைப் பற்றிப் பொதுவான கொள்கை எதுவும் கிடையாது. தோற்றால் ஊர் திரும்பவேண்டிய ஆட்டம் என்று வரும்போது மட்டும் மூவர் கையும் ஒரே பெயரை அடித்திருக்கிறது. பிடிவாதம் தொற்றுநோயா என்ன?

சிட்டி அதற்குப் பிறகு என்ன செய்தது என்பதில்தான் என் வாதத்தின் முழுப் பலமும் இருக்கிறது. கான்செலோ கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் வேலையை, அதாவது பின்களத்திலிருந்து நடுகளத்துக்கு ஏறிவருவதை, அவர்கள் கைவிடவில்லை. கொஞ்ச காலம் பதினெட்டு வயது ரிக்கோ லூயிஸ் செய்தார். பிறகு ஜான் ஸ்டோன்ஸ் செய்தார். இரு பக்கங்களுக்கும் அகே, அகாஞ்சி, வாக்கர். இஸ்தான்புல்லில் நடந்த 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இன்டரை 1-0 என்று வென்று அந்தப் பருவத்தின் மூன்றாவது கோப்பையைத் தூக்கிய அன்று, எடர்சனுக்கு முன்னால் தொடங்கிய அகாஞ்சி, டியாஸ், அகே மூவரும் பிறவியிலேயே நடுப் பின்கள வீரர்கள். அவர்களுக்கு முன்னால் ஏறி நின்ற ஸ்டோன்ஸும் அதே ரகம். ஸ்டோன்ஸுக்கு த்ரிவேலா வராது. ஆனால் பந்து பறிபோன மறுகணம் எங்கே திரும்பி ஓடவேண்டும் என்பது அவர் எலும்பில் ஊறியிருந்தது. கான்செலோ இருந்தவரை கிட்டாத ஐரோப்பியக் கோப்பை, அவர் போன ஐந்தாவது மாதத்தில் கிட்டியது. ஹாலண்டின் முதல் பருவம் அது என்பதும் உண்டு. இருந்தாலும் நாக்அவுட் சுற்றுகளில் அந்தப் பின்களம் காட்டிய இறுக்கத்துக்கு ஹாலண்ட் காரணமில்லை.

சிட்டியை விட்ட பிறகும் அதே குறை தொடர்ந்தது. 2024 ஏப்ரல் 16, பார்சிலோனா, சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் மறு ஆட்டம். இம்முறை பார்சிலோனாவின் லெஃப்ட் பேக் அவர்; எதிரில் பாரிஸ் அணியின் டெம்பெலே. அரௌஹோ சிவப்பு அட்டையோடு வெளியேறி ஆள் குறைந்திருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்கோலா தாழ்வாக அனுப்பிய பந்து கோல் முகப்பைத் தாண்டி மறுகம்பத்துக்கு வரும்போது டெம்பெலே தனியாக வந்து உதைத்தார். அது கான்செலோவின் இடம். இடைவேளைக்குப் பின் அதே டெம்பெலேயைத் தடுக்கி பெனால்டியும் கொடுத்தார்; எம்பாப்பே அடித்தார். பாரிஸில் 3-2 என்று ஜெயித்து வந்த அணி 4-1 என்று தோற்று வெளியேறியது. தொலைவுக் கம்பத்தில் தனக்குப் பின்னால் யார் வருகிறார் என்று தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்ப்பது பின்கள வீரரின் தினசரி வேலை. யாரும் அதைக் காணொளியாக வெட்டி ஒட்டிப் பரப்புவதில்லை, அவ்வளவுதான்.

லோனில் எடுத்துப் பார்த்த மூன்று பெரிய அணிகள் அவரை வாங்காமல் திருப்பி அனுப்பியிருக்கின்றன: இன்டர், பேயர்ன், பார்சிலோனா. இன்டரிடமும் பார்சிலோனாவிடமும் பணமில்லை என்பார்கள், சரி. பேயர்னிடம் பணம் இருந்தது; 7 கோடி யூரோவுக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையும் கையில் இருந்தது. கடைசி நாளில் லீக் பட்டத்தைப் பிடித்த பிறகும் அதைப் பயன்படுத்தவில்லை.

உண்மையான பன்முகத்திறனுக்கு எடுத்துக்காட்டு கான்செலோ சிட்டிக்கு வந்த 2019 ஒப்பந்தத்திலேயே இருக்கிறது; அது ஒரு மாற்றுப் பேரம். சிட்டி தன்னிடமிருந்த பிரேசிலியர் டனிலோவை யுவென்டஸுக்குக் கொடுத்து, மேலே 2.8 கோடி யூரோவும் கட்டியது. யுவென்டஸுக்குப் பழைய சாமான் போய்ச் சேர்ந்தது என்று அப்போது பலரும் சிரித்தார்கள். டனிலோ டூரினில் முதலில் ரைட் பேக், பிறகு லெஃப்ட் பேக், தேவைப்பட்டபோது நடுகளம், கடைசியில் நடுப் பின்கள வீரர். ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்தின் வேலையைச் செய்தார். லெஃப்ட் பேக்காக நின்றபோது கோட்டோரத்தைக் காத்தார். நடுவில் நின்றபோது உயரப் பந்துகளுக்கு எழும்பினார். 2023-இல் அந்த அணியின் தலைவரானார். அவர் போட்ட பாஸ் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. யுவென்டஸ் ரசிகர்களிலும் பலருக்கு இருக்காது. ஆனால் அந்த ஐந்தரை ஆண்டுகளில் மாறி மாறி வந்த பயிற்சியாளர்கள் யாரும் அவருக்காக மற்றவர்களை நகர்த்தி வைக்க வேண்டியிருக்கவில்லை.

2025 கோடையில் கிளப் உலகக் கோப்பையில் அல் ஹிலால் சிட்டியைக் கூடுதல் நேரத்தில் வீழ்த்தியது. சவுதி அணியின் வலது பின்களத்தில் கான்செலோ. பழி தீர்ந்தது, குவார்டியோலா தவறு என்று நிரூபணமாகிவிட்டது என்று ரசிகர்கள் கூத்தாடினார்கள். வெற்றி வெற்றிதான். ஆட்டத்தின் முடிவு 4-3; அந்த மூன்றைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர்களிடம் பதில் வருவதில்லை.