மஞ்சள் அடித்த கட்டம்

எக்செல் 2003 வரை ஒரு கோப்புக்கு 56 நிறங்கள்தான். 2007 பதிப்பில் அது ஒன்றரைக் கோடியைத் தாண்டியது. ஆனாலும் ஆபீஸில் பெயின்ட் வாளியை அழுத்தும் கை நேராக மஞ்சளுக்குத்தான் போகிறது. பாக்கி என்றாலும் மஞ்சள், சந்தேகம் என்றாலும் மஞ்சள். எதற்கு அடித்தோம் என்பது அடித்தவருக்கே மறந்துவிடும்.

எனக்குப் பிடித்தது நிதிக் கணக்குப் போடுவோரின் வழக்கம்: கையால் இட்ட எண் நீல எழுத்தில், சூத்திரம் தந்தது கறுப்பில். வட்டி 9% என்று நீலத்தில் நின்றால் தாராளமாக மாற்றிப் பார்க்கலாம். கறுப்பில் கை வைக்கக் கூடாது.

கண்டிஷனல் ஃபார்மேட்டிங் இன்னும் சமர்த்து. கெடு தாண்டியும் ‘கட்டியாச்சு’ என்று பதியாத வரி தானாகச் சிவக்கும், பதிந்ததும் வெளுத்துவிடும். கூட்டல் சூத்திரத்துக்கு மட்டும் நிறமே தெரியாது. மஞ்சளை மட்டும் கூட்ட, நிறத்தை வைத்து ஃபில்டர் செய்து, சப்டோட்டல் போட வேண்டும்.