கூடுதல் பத்து டேங்க்

பேட்டரி ஸ்பிரேயரோடு வந்த 8 ஏஎச் பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டு 12 ஏஎச் மாட்டுவது இன்று விவசாயிகள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் காரியமாகிவிட்டது. 'ஒரே சார்ஜில் இன்னும் பத்து டேங்க் அடிக்கலாம்' என்பது கடைக்காரர் வாக்கு. மாற்றியவர்களும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். இப்போது இதற்கு ஒரு நியாயமும் சேர்ந்திருக்கிறது: டேங்க் கணக்கில் கூலி வாங்குகிற ஆளுக்கும் வரும்படி கூடுகிறதே, இதில் யாருக்கு நட்டம் என்கிறார்கள். இந்த நியாயம் தவறு என்பதே என் கட்சி.

மாற்றத்தில் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். கைப்பிடியை ஆட்டி ஆட்டி மருந்தடித்த தோள்களுக்குப் பேட்டரி ஸ்பிரேயர் பெரிய விடுதலை. கூடங்குளம், ராதாபுரம் பக்கத்துத் தோட்டங்களில் பாதி வரிசையில் மோட்டார் இழுக்காமல் நின்றுவிட்டால், ஊருக்குப் போய் சார்ஜ் போட்டுத் திரும்புவதற்குள் ஒரு பொழுது போய்விடும். கலக்கிய மருந்தை மறுநாளைக்கு வைத்திருக்கவும் கூடாது. அந்த அலைச்சல் மிச்சம்தான்.

தொழில்நுட்பக் குறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வழக்கமான 8 ஏஎச் பேட்டரியின் அகலம் 65 மில்லிமீட்டர், 12 ஏஎச் பேட்டரியின் அகலம் 98. டேங்குக்கு அடியில் உள்ள அறையில் அது அடங்காது. அறையை அறுத்து, ரப்பர் கயிற்றால் கட்டுகிறார்கள். மேலிருந்து ஒழுகும் மருந்து நேரே முனையில் இறங்குகிறது. கூடவந்த 1.7 ஆம்பியர் சார்ஜர் பெரிய பேட்டரியை நிரப்ப எட்டு, ஒன்பது மணி நேரம் எடுக்கும். அவசரத்தில் பாதியில் பிடுங்கினால் ஈய பேட்டரி சீக்கிரமே சாகும். லித்தியத்துக்கு மாறுகிறவர்கள் பழைய சார்ஜரையே போடுவது இதைவிட மோசம்: மூன்று செல் லித்தியம் பேக் 12.6 வோல்ட்டில் நிறைந்துவிடும், ஈயச் சார்ஜரோ 14 வோல்ட்டைத் தாண்டித் தள்ளும். ஆனால் இவையெல்லாம் நல்ல மெக்கானிக் ஒருவர் சரிசெய்துவிடக்கூடியவை. என் மறுப்பு அதில் இல்லை.

மருந்தடிப்பவரின் உடம்பில் எவ்வளவு நஞ்சு ஏறுகிறது என்பது, எந்த மருந்து, எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் பொறுத்தது. கையுறை, கண்ணாடி, முகக்கவசம், முழுக்கை உடுப்பு எல்லாம் இருந்தால் அந்த நேரம் கொஞ்சம் நீளலாம். நம் வெயிலில் அதையெல்லாம் மாட்டிக்கொண்டு யார் நிற்கிறார்கள்? லுங்கியும் தலைத்துண்டும்தான் உடுப்பு. ஆக, நடைமுறையில் கூலி ஆளுக்கு இருந்த ஒரே காப்பு, வேலை சீக்கிரம் முடிவது. சின்ன பேட்டரி அதைத் தானாகச் செய்தது. மோட்டார் இளைத்து, விசிறல் சுருங்கி, துளி பெருத்தால் அன்றைய வேலை முடிந்தது என்று பொருள். எந்த முதலாளியும் வாய்விட்டுச் சொல்லாத 'போதும்' என்ற சொல்லை அது சொன்னது. அதைத்தான் இப்போது கழற்றி எறிகிறோம்.

நேரம் நீளும்போது எந்த நேரத்துக்குள் நீள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மருந்தடிக்க ஏற்ற பொழுது காலையும் மாலையும்தான். பத்து டேங்க் கூடினால் காலை வேலை உச்சிக்குப் போகும்; வேர்த்த தோல் நஞ்சை இன்னும் எளிதாக உள்ளே விடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்றில், முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்து மருந்தடிக்கிறவர் முகத்தில் விழுவது என்ன? மேலே அடித்ததில் ஒரு பங்கு திரும்ப அவர் மேல்தான். பெரிய பேட்டரி இருக்கும் தைரியத்தில் இரட்டை மோட்டாரும் வைக்கிறார்கள். அழுத்தம் கூடக் கூட துளி பொடிப்பொடியாகி, இலையில் தங்காமல் காற்றில் மிதக்கிறது.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த பருத்தி, கலவை மருந்து, காப்பின்மை ஆகியவற்றோடு அப்போது பேசப்பட்ட காரணங்களில் வேகமாகப் பீய்ச்சும் பேட்டரி பம்புகளும் உண்டு. அங்கே நடந்ததற்கு பேட்டரி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தலைக்கு மேல் நிற்கும் பயிர், நீண்ட நேரம், பொடித்துளி என்ற மூன்றையும் இங்கே நாமே காசு கொடுத்து ஒன்றுசேர்க்கிறோம்.

பாஸ்பரஸ் வகை மருந்துகள் நரம்புக்கு வேண்டிய கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. அது மறுநாளே மீள்வதில்லை, வாரக்கணக்கில் ஆகும். இந்த வாரம் அடித்தவர் அடுத்த வாரமும் அடித்தால் குறைந்ததன்மேல் இன்னும் குறையும். தலைவலி, கண் மங்கல், வாயில் நீர் ஊறுவது என்று ஆரம்பிக்கும். வெயில் என்று எண்ணி மோர் குடித்துவிட்டுப் படுப்பார்கள். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள், இவ்வகை மருந்துகளைக் கையாளும் ஆட்களுக்கு மாதம் ஒருமுறை ரத்தத்தில் இந்த நொதியை அளக்கச் சொல்கின்றன. அந்தச் சோதனைக்காகக் கை நீட்டிய ஒரு மருந்தடி ஆளைக் காட்டுங்கள், பிறகு வரும்படி பற்றிப் பேசுவோம்.

வரும்படி என்று எதைச் சொல்கிறார்கள்? டேங்க் கணக்கில் கூலி பேசுவதே ஆளைத் தன் உடம்புக்கு எதிராக ஓடவைக்கிற ஏற்பாடு. பேட்டரி அதற்கு இன்னும் நீளமான ஓடுபாதை போட்டுக் கொடுக்கிறது. கூடுதல் கூலி அவர் கையில் அன்று மாலையே வந்துவிடும். உடம்பு கேட்கும் விலை எப்போது வரும் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. எடையோ 16 லிட்டர் டேங்குக்கு மேல் இன்னொரு கிலோவுக்கும் அதிகம். லித்தியம் அந்த எடையைக் குறைத்துவிடும். அதனாலேயே இன்னும் நெடுநேரம் சுமக்கச் சொல்லும்.

பத்து டேங்க் ஏன் கூடுதலாக வேண்டியிருக்கிறது என்றும் கேட்க வேண்டும். நாசிலின் துளை தேய்ந்தால் மருந்து அதிகமாகக் கொட்டும். அதே தோட்டத்துக்கு முன்னைவிட அதிக டேங்க் பிடிக்கும். பல இடங்களில் பேட்டரி போதாததாகத் தெரிவது இதனால்தான். ஒரு புது நாசிலின் விலை பேட்டரியின் விலையில் சிறு பங்குகூட இல்லை.

தன் தோட்டத்துக்குத் தானே சுமந்து அடிப்பவர் பெரிய பேட்டரி போட்டுக்கொள்வது அவர் முடிவு. கூலிக்கு ஆள் விடுகிறவர் மாட்டுவதானால், காலை பத்து மணிக்கு மேல் அந்த ஆளைத் தோட்டத்தில் நிறுத்துவதில்லை என்றும், கூலியை டேங்க் கணக்கில் இல்லாமல் நாள் கணக்கில் கொடுப்பதென்றும் முதலில் ஒத்துக்கொள்ளட்டும்.