41 ஹெர்ட்ஸின் பிடிவாதம்

நாலு கம்பி பேஸ் கிடாரில் ஆகத் தடித்தது ஈ கம்பி. அழுத்தாமல் வெறுமனே மீட்டினால் நொடிக்கு 41.2 தடவை அதிரும். ஒரு சுற்று முடிய 24 மில்லிநொடிக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். இந்தக் கணக்கு தெரியாமலே ஆயுள் முழுக்க அருமையாக பேஸ் வாசித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதே கிடாரை ஒரு சிந்தசைசரில் சொருகிய அன்றைக்கு இந்த எண் எதிரே வந்து நிற்கும். வாசித்தது என்ன ஸ்வரம் என்று இயந்திரம் கண்டுபிடிக்கக் குறைந்தது ஒரு சுற்றாவது பொறுத்திருந்து பார்க்க வேண்டும். உறுதி செய்துகொள்ள இன்னும் ஒன்று. அதற்குள் ட்ரம்ஸ்காரர் கிக்கை மிதித்துவிட்டு அடுத்த அடிக்குப் போயிருப்பார். சாதாரண கிடாரின் அடிக்கம்பிக்கு இதில் பாதி நேரம் போதும். பேஸுக்குத்தான் இந்தச் சங்கடம். எவ்வளவு வேகமான சில்லைப் போட்டாலும் கம்பி தன் சுற்றைத் தன் நேரத்தில்தான் முடிக்கும்.

இவ்வளவு சங்கடப்பட்டு பேஸ்காரர்கள் ஏன் சிந்தசைசர் பக்கம் போனார்கள்? வேறு வழியில்லாமல் போனார்கள் என்றே சொல்ல வேண்டும். 1970-இல் மினிமூக் வந்தது. 1977-இல் பார்லிமென்ட் குழுவின் ‘ஃபிளாஷ் லைட்’ பாட்டில் பெர்னி வொரெல் அதைக் கொண்டு வாசித்த பேஸ், கம்பியில் வராத அளவுக்குக் கொழுப்பும் குழைவுமாக இருந்தது. கீபோர்டுக்காரரின் இடது கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பதை பேஸ்காரர்கள் சும்மா வேடிக்கை பார்க்க முடியாது. கனடாவின் ரஷ் குழுவில் கெடி லீ இரண்டு கையாலும் பேஸ் வாசித்துக்கொண்டே, காலால் மூக் டாரஸ் பெடல்களை மிதித்து அடியில் தடித்த நாதம் ஒன்றை ஓடவிட்டார். ரோலண்ட் நிறுவனம் 80-களில் பேஸுக்கென்றே ஜிஆர்-33பி, ஜிஆர்-77பி என்று சிந்தசைசர்களைச் செய்து பார்த்தது. ஓசை பிரமாதம். ஆனால் கம்பியைத் தொட்டதற்கும் ஒலி கேட்டதற்கும் நடுவே வாசிப்பவரை உறுத்தும் ஓர் இடைவெளி இருந்துகொண்டே இருந்தது. தாளத்தின் முதுகெலும்பாக நிற்க வேண்டிய வாத்தியம் பிந்தி வந்தால் யார் பொறுத்துக்கொள்வார்கள்?

திருப்பம் வேறு ஒரு கேள்வியிலிருந்து வந்தது. ‘இது என்ன ஸ்வரம்?’ என்று கேட்டால்தானே காத்திருக்க வேண்டும்? அதைக் கேட்காமலே விட்டுவிட்டு, கம்பி தரும் அதிர்வையே களிமண்ணாக எடுத்து வேறு உருவமாகப் பிசைந்தால் என்ன? 1995-இல் ரோலண்ட் கொண்டுவந்த விஜி-8 செய்தது இதைத்தான். மாடலிங் என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிற வித்தையின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் வழியில் பேஸுக்கு வி-பேஸ் வந்தது, பிறகு விபி-99, 2020-இல் பாஸ் எஸ்ஒய்-1000. கடைசியில் சொன்னது கிடாருக்கும் பேஸுக்கும் பொதுவான பெட்டி. அதைத்தான் இங்கே கொஞ்சம் திறந்து பார்க்கப்போகிறேன்.

முதலில் பிக்கப். வழக்கமான பிக்கப் எல்லாக் கம்பிகளையும் ஒரே கூட்டொலியாகத் தரும். ஜிகே-3பி என்ற பிரிப்பு பிக்கப் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகக் கேட்டு, 13 ஊசிகள் கொண்ட ஒரு தடித்த கேபிள் வழியாகப் பெட்டிக்கு அனுப்பும். இந்த பிக்கப்பை பிரிட்ஜை ஒட்டி, கம்பியைத் தொட்டும் தொடாததுமாக மாட்ட வேண்டும். பிரிட்ஜ் பக்கம்தான் என்று ஏன் இவ்வளவு கண்டிப்பு? கம்பி ஒரே நேரத்தில் பல விதமாக அதிர்கிறது: முழு நீளத்திலும், பாதி பாதியாகவும், மூன்றாகவும், நாலாகவும் மடிந்து. நாலாக மடிந்து அதிரும் இழைக்குக் கால்வாசி தூரத்தில் அசைவே இல்லாத ஒரு புள்ளி உண்டு. பிக்கப் சரியாக அங்கே இருந்தால் அந்த நாலாவது அனுசுரம் அதன் காதில் விழாது. ஒரு பிக்கப்பின் தனிக்குரல் என்று நாம் சிலாகிப்பதில் பெரும் பங்கு, அதற்குக் கேட்காமல் போகும் அனுசுரங்களின் பட்டியல்தான். பிரிட்ஜை ஒட்டிய இடத்தில் கேட்காமல் போவது மிகக் குறைவு. எல்லா இழைகளும் ஒல்லியாக, ஆனால் முழுசாக வந்து சேரும். பிறகு கணக்குப் போட்டு எதைக் கழிக்க வேண்டுமோ அதைக் கழித்தால், பிக்கப்பைக் கழுத்துப் பக்கம் நகர்த்தியது மாதிரி ஆகிவிடும். இல்லாததைச் சேர்ப்பதைவிட இருப்பதைக் கழிப்பது எளிது. இந்த ஓர் அறிவு போதும், இந்தப் பெட்டியை வடிவமைத்தவர்கள் மேல் மரியாதை வர.

இப்படித்தான் ஒரே கிடார் பிரிசிஷன் பேஸாகவும், பீட்டில்ஸ் மெக்கார்ட்னியின் கையில் உலகம் பார்த்த வயலின் வடிவ ஹாஃப்னராகவும் வேஷம் போடுகிறது. அதன் பின்னால் 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடியின் 300 வாட் வால்வு உறுமலையும் எட்டு ஸ்பீக்கர் பெட்டியையும் ஒரு பித்தானில் நிறுத்தலாம். அந்தப் பெட்டியை மாடிப்படியில் தூக்கிச் சென்றவர்கள் இந்த வரியைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள்.

ஆனால் எல்லா வேஷமும் எனக்குச் சம்மதமில்லை. ஃபிரெட்லெஸ் மாடல் என்று ஒன்று உண்டு. ஒற்றை ஸ்வரத்தை நீளமாகப் பிடித்தால் அந்த முனகல், மெல்ல மலரும் அந்த மூக்கொலி, உண்மையாகவே வருகிறது. விரலை இரண்டு ஃபிரெட் தள்ளி இழுத்துப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும். கழுத்தில் உலோகக் கட்டைகள் அப்படியே இருக்கின்றனவே! ஒலி படிப்படியாக ஏறுகிறது, வழுக்கி ஏறுவதில்லை. ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃபிரெட்களைப் பிடுங்கிவிட்டு, பிசின் பூசிய மரத்தின் மேல் சதையை அழுத்தி வாசித்தார். அந்த இசை பிறந்த இடம் பிக்கப்புக்கு முந்தியது. அங்கே எந்தக் கணக்கும் எட்டாது. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தப் பொய் இன்னும் சீக்கிரம் பிடிபடும்.

சிந்த் பக்கம் வந்தால் கதை வேறு. அங்கே நகல் என்ற பாரம் இல்லை. எதைப் போலவும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஓசை எப்போதுமே கொஞ்சம் தைரியமாக நடக்கும். எஸ்ஒய்-1000 ஒரே நேரத்தில் மூன்று வாத்தியங்களை அடுக்கவிடும். நான் திரும்பத் திரும்பப் போகும் அடுக்கு எளிமையானது. அடியில் எந்தப் பூச்சும் இல்லாத சுத்தமான பேஸ். அதன் மேல் ரம்பப் பல் அலைவடிவம் ஒன்று. அந்த ரம்பத்தின் முன்னால் ஒரு ஃபில்டர். மூன்றாவதைக் காலியாகவே விட்டுவிடுவேன். மூன்றையும் நிரப்பியே தீர வேண்டும் என்கிற ஆசை வந்தால் டோன் கெட்டது என்று அர்த்தம்.

ருசியெல்லாம் அந்த ஃபில்டரில் இருக்கிறது. கட்ஆஃபைத் தாழ்வாக வைத்து, ரெசொனன்ஸைக் கொஞ்சம் ஏற்றி, விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப அது திறக்கும்படி அமைக்க வேண்டும். மெதுவாக மீட்டினால் வாய் மூடிய முணுமுணுப்பு. அழுத்தி இழுத்தால் அனுசுரங்கள் ஒவ்வொன்றாக மேலேறி வந்து மறுபடி அடங்கும். தம்புராவில் ஜீவாளி நூலை மேட்டின் மேல் மயிரிழை நகர்த்தும்போது ஒற்றைக் கம்பிக்குள்ளிருந்து ஸ்வரங்கள் கொத்தாக விரியுமே, ஏறக்குறைய அந்த அனுபவம். அங்கே நூல் செய்வதை இங்கே விரலின் எடை செய்கிறது. பழைய பெடல்களிலும் இந்தச் சுகம் உண்டு. மைக் பைகல் 1972-இல் வடிவமைத்த மியூ-ட்ரான் III-ஐ பூட்ஸி காலின்ஸ் பேஸில் இழைத்து எடுத்தது இதே கொள்கையில்தான். ஒரே வித்தியாசம், மியூ-ட்ரான் எல்லாக் கம்பிக்கும் சேர்த்து ஒரே வாய் திறக்கும். பிரிப்பு பிக்கப் இருந்தால் ஒவ்வொரு கம்பிக்கும் தனி வாய். டி கம்பியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து முனகவிட்டு, ஈ கம்பியில் வேறொன்றை அதட்டலாம். இரண்டும் ஒன்றையொன்று மிதிப்பதில்லை.

அடுக்குவதில் ஒரு பொறி இருக்கிறது, பலர் அதில் மாட்டுகிறார்கள். பெட்டிக்குள் போகாத சுத்தமான பேஸைத் தனி லைனில் மிக்சருக்கு அனுப்பி, பெட்டியின் ஒலியை அதோடு கலப்பது வழக்கம். பெட்டியின் ஒலி 5 மில்லிநொடி பிந்தி வருகிறது என்று வையுங்கள். காதுக்கு அந்தத் தாமதம் தெரியாது. ஆனால் 5 மில்லிநொடி என்பது 100 ஹெர்ட்ஸ் அலைக்கு மிகச் சரியாக அரைச் சுற்று. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும், இரண்டும் சேர்ந்தால் மிச்சம் ஒன்றுமில்லை. பேஸில் வெறுமனே மீட்டும் ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ். ‘மத்த கம்பியெல்லாம் கும்முனு இருக்கு சார், ஜி மட்டும் காத்து போயிருச்சு’ என்று மேடைக்கு மேடை கேட்கிற புகாருக்குச் சில நேரம் காரணம் கம்பியுமில்லை, பிக்கப்புமில்லை, இந்தக் கழித்தல்தான். மருந்து எளிது: கலக்குவதைப் பெட்டிக்குள்ளேயே முடித்துவிடுவது. முடியாவிட்டால், அடி ஒலியைச் சுத்தமான லைனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பெட்டியின் ஒலியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவது.

இன்னொரு கண்டிப்பு கையிடம். சாதாரண பேஸ் மன்னிக்கும் வாத்தியம். விரல் பக்கத்துக் கம்பியில் உரசினாலும், இடது கை கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிட்டாலும் அந்த அழுக்கு பாட்டுக்கு ஒரு மண்வாசனை என்றே கணக்கில் சேரும். சிந்த் ஒலிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. உரசல் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்வரமாக எடுத்துக்கொண்டு ஏப்பம் விடும். எனவே கம்பியை மீட்டுவதைவிட மீட்டாத கம்பிகளை அடக்குவதே பாதி வேலையாகிவிடுகிறது: வலது கைக் கட்டைவிரல் ஈ கம்பியின் மேல் படுத்திருக்கும், இடது கையின் மிச்ச விரல்கள் மேல் கம்பிகளை மூடியிருக்கும். மியூஸ் குழுவின் கிறிஸ் உல்ஸ்டன்ஹோம் அகாய் டீப் இம்பாக்ட் என்ற பேஸ் சிந்த் பெடலைப் பிரபலமாக்கினார். அது கடைகளிலிருந்து மறைந்த பிறகு பழைய பெடல் ஒன்றுக்கு பேஸ்காரர்கள் அலைந்தார்கள். கடைசியில் அதை வடிவமைத்த ஹங்கேரிக்காரர் ஆந்திராஷ் சலாயே ஃபியூச்சர் இம்பாக்ட் என்று புதிதாக ஒன்றைச் செய்து கொடுத்தார். பெடல் கிடைத்தது, உல்ஸ்டன்ஹோமின் கம்பி அடக்கும் கை அதோடு சேர்ந்து வராது என்பது வாங்கியவர்களுக்குப் பிறகுதான் தெரிந்திருக்கும்.

நம்மூர்க் காதுக்கு பேஸ் கிடார் ஒன்றும் அந்நியமில்லை. இளையராஜா பாடல்களில் அது குரலோடு எதிர்ப்பேச்சு பேசிக்கொண்டே வரும். ரஹ்மானுக்கு கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றில் சத்தமே போடாமல் பாட்டைத் தாங்கும். இவற்றுக்கெல்லாம் சிந்த் பூசிப் பார்க்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அந்த வரிகளின் அழகு ஸ்வரங்கள் நடந்து போகும் பாதையில் இருக்கிறது. ஃபில்டர் திறந்து மூடினால் பாதை மறைந்துவிடும். சிந்த் பேஸுக்கு ஏற்றது நேர்மாறான வரி: ஒரே ஸ்வரத்தை விட்டு நகராத, நகராமலே நிறம் மாறுகிற வரி. ஆனால் ஒரு விஷயத்தில் சிந்துக்குச் சலுகை உண்டு. செல்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. மேலே உள்ள அனுசுரங்கள் மட்டும் வந்து சேர்ந்தால் போதும், அடியில் இருந்திருக்க வேண்டிய ஸ்வரத்தை மூளை தானே ஊகித்துக் கேட்டுக்கொள்ளும். ரம்ப அலையில் அனுசுரங்களுக்குப் பஞ்சமில்லை. பேருந்தில் செல்பேசியைக் காதோரம் பிடித்துப் பாட்டுக் கேட்பவருக்கும் பேஸ் போய்ச் சேர வேண்டுமென்றால், கொஞ்சம் ரம்பம் தேவைதான்.

இனி அந்த 24 மில்லிநொடி. மாடலிங்குக்கு அது பிரச்சினையில்லை என்று முன்பே சொன்னேன். ஸ்வரத்தைக் கண்டுபிடித்துத்தான் ஒலிப்பேன் என்று அடம்பிடிக்கும் சிந்த் ஓசைகளுக்கு அது இன்றைக்கும் பிரச்சினைதான். ஐந்து கம்பி பேஸின் பி கம்பிக்கோ 30.9 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 32 மில்லிநொடி. விவரம் தெரிந்தவர்கள் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதில்லை, இடத்தை மாற்றிவிடுகிறார்கள். அதே ஈ ஸ்வரத்தை 12-ஆவது ஃபிரெட்டில் ஒரு ஸ்தாயி மேலே வாசி, பெட்டியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கச் சொல். சுற்று நேரம் பாதியாகிவிடும், 12 மில்லிநொடி. கிக்கோடு கைகோத்து நிற்க அது போதும். 1982-இல் வந்த பாஸ் ஓசி-2 என்ற சின்ன பெடல் இந்தப் பாடத்தை எப்போதோ நடத்திவிட்டது. அதுவும் கழுத்தின் அடிப் பக்கம் போனால் திக்கும், மேலே ஏறினால் கணீரென்று பேசும். பினோ பலடினோ ஃபிரெட்லெஸோடு அதைச் சேர்த்து வாசித்ததைக் கேட்டால், குறை இருக்கிற இடம் தெரிந்து அதைச் சுற்றி நடப்பதும் வித்வத்தில் சேர்த்தி என்று தோன்றும். இதற்கு ஒரு விலை உண்டு: கழுத்தின் மேல் பக்கம் ஃபிரெட்கள் நெருக்கம், கம்பி தடிப்பாகவும் மந்தமாகவும் தோன்றும், பழகிய விரலமைப்பையெல்லாம் அந்த ஒரு பாட்டுக்காக மாற்ற வேண்டியிருக்கும். 2023-இல் ரோலண்ட் 13 ஊசி கேபிளுக்கு விடை கொடுத்து, ஜிகே-5 என்ற பிக்கப்போடு புது டிஜிட்டல் இணைப்பைக் கொண்டுவந்தது. கேபிள் மெலிந்தது, தொல்லை குறைந்தது. 12-ஆவது ஃபிரெட்டுக்கு ஏறுகிற வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.