அம்மா எங்கே உட்காருவாள்?

'அம்மா கணக்கு' (2016) படத்தை மறுபடி பார்த்தேன். அஷ்வினி ஐயர் திவாரி தன் இந்திப் படத்தையே தமிழில் எடுத்தது. பார்க்காதவர்களுக்குக் கதை: வீட்டு வேலை செய்யும் அமலா பால். பத்தாவது படிக்கும் மகளுக்குக் கணக்கு வரவில்லை. அதைவிட மோசம், வேலைக்காரி மகள் வேலைக்காரிதானே ஆகணும் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். படிப்பைப் பாதியில் விட்ட அம்மா, மகள் வகுப்பிலேயே மாணவியாகச் சேர்கிறாள்.

மகளின் கூச்சமும் கோபமும்தான் படத்தின் உயிர். யுவஸ்ரீ அசத்தியிருக்கிறார். அமலா பால்தான் பத்தாவது படிக்கும் பெண்ணுக்கு அம்மா என்றால் கொஞ்சம் இடிக்கிறது. போகட்டும்.

'எந்த ஹெட்மாஸ்டர் சார் இப்படிச் சேர்த்துப்பார்?' என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு உறுத்தியது வேறு. அந்தப் பள்ளிக்குள் நுழைய அவள் யூனிஃபார்ம் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெறும் அம்மாவாக வந்தால் அவளுக்கு அங்கே என்ன வேலை? இதைப் படம் கேட்கவே இல்லை.

நாமும் கேட்பதில்லை. மயிலாப்பூரிலோ அடையாறிலோ 'ஓபன் டே' என்று போகிறோம். வரிசையில் நின்று, குழந்தைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, 'இன்னும் நல்லாப் பண்ணலாம்' என்பதைக் கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். 'வீட்டுல எப்படிப் படிக்கிறான்? எதுக்குப் பயப்படறான்?' என்று மிஸ் நம்மைக் கேட்டால்தானே அது பேச்சு?

சட்டம் கொஞ்சம் யோசித்திருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கணும், பாதிப்பேர் பெண்களாக இருக்கணும் என்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-ல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு மட்டும் இது கிடையாது. ஃபீஸ் கட்டும் நமக்கு இல்லாத நாற்காலி, கார்ப்பரேஷன் பள்ளி அம்மாவுக்கு உண்டு! காகிதத்திலாவது.

ஆனால் அவள் வரணுமே. வேலை நாளில் காலை பத்தரைக்கு மீட்டிங் போட்டால், தி.நகரில் அவள் மூன்றாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். 'பேரன்ட்ஸ் ஒத்துழைப்பே இல்லை' என்று சொல்லும் ஆசிரியர்கள் ஒரே ஒரு தடவை சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிட்டுப் பார்க்கட்டும். மார்க் பற்றிப் பேசாமல், அவள் பையன் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லி ஆரம்பிக்கட்டும். பெரிய நாற்காலியாக நாலு போட்டு வைத்தால் இன்னும் நல்லது.