நுனியில் தெரியும் எட்டு நிறங்கள்: பாஸ்-த்ரூ கனெக்டர் பயன்படுத்திய அனுபவம்

மாடி அறைக் கணினி பல மாதங்களாக 100 எம்பிபிஎஸ் வேகத்தைத் தாண்டவில்லை. ரூட்டரைச் சந்தேகித்தேன், ஸ்விட்சைச் சந்தேகித்தேன். காரணம் ஆர்ஜே45 கனெக்டருக்குள் இருந்தது: நுனிவரை எட்டாமல் நின்றுபோன ஒரு பழுப்பு ஒயர். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடிகள் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒன்று விட்டுப்போனால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும்.

சாதாரண கனெக்டரின் மூக்கு அடைத்திருக்கும். உள்ளே ஒயர் எங்கே நிற்கிறது என்று கூர்ந்து பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். பாஸ்-த்ரூ வகையில் முன்பக்கம் எட்டுத் துளைகள் உண்டு. ஒரு பாக்கெட் வாங்கி, வீட்டிலுள்ள கேட் 6 கேபிள் முனைகளை எல்லாம் மாற்றினேன்.

கனெக்டரின் கிளிப் கீழே, மூக்கு எதிர்ப்புறம் பார்க்கப் பிடித்தால், டி568பி முறையில் இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. எட்டு நுனிகளும் மூக்கைத் தாண்டி வெளியே வரும். கிரிம்ப் செய்வதற்கு முன்பே எண்ணிப் பார்த்துவிடலாம். பிறகு நுனிகளைப் பிடித்து இழுத்தால் மேலுறையும் உள்ளே வந்து உட்காரும். முறுக்குப் பிரியும் நீளமும் குறையும். அது 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

வரிசையில் மட்டும் அசட்டை வேண்டாம். பச்சையை ஒரு ஜோடியாகவும் நீலத்தை அடுத்த ஜோடியாகவும் இரு முனையிலும் அடுக்கினால், சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காகவே எரியும். ஆனால் 3, 6ஆம் ஒயர்கள் வெவ்வேறு முறுக்கில் ஓடுவதால் சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து வேகம் கெடும்.

குறை பிளேடில் இருக்கிறது. வெளியே நீளும் ஒயர்களை வெட்ட, அதற்கென்றே செய்த கிரிம்பிங் டூல் வேண்டும். பிளேடு மழுங்கியபோது ஒரு முனையில் செம்பு, நூலிழையாக நீட்டிக்கொண்டு நின்றது. பக்கத்துச் செம்பைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரமும் போகிறதென்றால் இதில் கூடுதல் கவனம் தேவை.

வாங்கும்போது கேட் 6 வகையா என்று பாருங்கள். கேட் 5இ கனெக்டரின் துளையில் தடித்த ஒயர் நுழையாமல் போகலாம். சுவருக்குள் ஓடும் ஒற்றைக்கம்பி ஒயருக்கு ஏற்றதா என்றும் கேளுங்கள்.

விலை சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் எப்போதாவது கேபிள் போடுபவர்களுக்கு இதையே சொல்வேன். மாடியில் இப்போது ஜிகாபிட் வருகிறது. கூடவே ஒரு மாற்று பிளேடும் வாங்கி வையுங்கள்.